லாரி புகை தள்ளுது, இழுவை இல்லை: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

லோடு ஏற்றிய லாரி மேட்டில் திணறுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே புகை. இந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்ப்தான். பம்ப் கேலிபரேஷன் (பம்ப் கொடுக்கும் டீசல் அளவைச் சரிசெய்வது), நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) மாற்றம், அதுவும் சரிவரவில்லை என்றால் போர் வேலை (இஞ்சினைப் பிரித்து லைனர், ரிங் பார்ப்பது). கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில் இருந்திருக்கும். அதற்குள் ஓனர் கையிலிருந்து ஒரு பெரிய தொகை போயிருக்கும், வண்டியும் சில டிரிப்புகளை இழந்திருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வரிசையாகத் தேடுவது. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவானதற்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இழுவை குறையும் நேரத்தில் புகை வருகிறதா, இல்லையா? கறுப்புப் புகையோடு இழுவை குறைந்தால் இஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று தொடங்குங்கள். புகையே இல்லாமல் குறைந்தால் டீசல் போய்ச் சேரவில்லை என்று தொடங்குங்கள். இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

வண்டி எந்தத் தலைமுறை என்பதும் முக்கியம். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்கக் கட்டாயமானது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. பிஎஸ் 4-க்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எலிமெண்ட் வைத்து டீசல் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப். பிஎஸ் 4 வந்தபோது பல கம்பெனிகள் காமன் ரெயிலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் கொடுக்கும் முறை) மாறின, அசோக் லேலண்ட் மட்டும் பல மாடல்களில் இன்லைன் பம்பையே வைத்து ஐ-இஜிஆர் முறையில் (எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இஞ்சினுக்குள் விடுவது) சமாளித்தது. பிஎஸ் 6 வண்டிக்குத் தேடும் முறையே கொஞ்சம் வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில்: குறை இஞ்சினில்தானா?

இழுக்கவில்லை என்று டிரைவர் சொல்வது உண்மை. ஆனால் அது இஞ்சினின் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாப் கியரில் லோடோடு போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டயர் காற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆக்சிலரேட்டர். இஞ்சினை நிறுத்திவிட்டு, கிளீனரைப் பெடலை முழுசாக அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பம்ப் பக்கம் நின்று, லீவர் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். ராடின் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலோ, கேபிள் நீண்டிருந்தாலோ, பெடலுக்கு அடியில் மேட் மடங்கிக் கிடந்தாலோ லீவர் முக்கால் தூரம்தான் வரும். காமன் ரெயில் வண்டியில் இதையே ஸ்கேனரில் பார்க்கலாம், முழுசாக அழுத்தினால் பெடல் 100 சதவீதம் காட்ட வேண்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கையும் இதோடு சேர்த்தே பார்த்துவிட வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். சைலன்சர் பைப்பை மூடி வேகத்தைக் குறைக்கும் அந்தத் தகடு, கரி பிடித்துப் பாதி மூடிய நிலையில் இறுகிவிட்டால், எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் இஞ்சின் அமுங்கிப் போகும். கறுப்புப் புகை வரும், சூடும் ஏறும். சுவிட்சைப் போட்டு எடுக்கச் சொல்லி, வெளியே உள்ள லீவர் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

புகையை எப்படிப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த நிறம் என்பது போல, எப்போது வருகிறது என்பதும் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், ஐடிலில் நிற்கும்போது, கியர் மாற்றி அழுத்தும்போது, மேட்டில் முழு லோடில், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) வண்டியில் திடீரென அழுத்தும்போது ஒரு நொடி கறுப்பாகத் தள்ளி அடங்கினால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. டர்போ சுழன்று காற்று வருவதற்குள் டீசல் முந்திவிடுகிறது. அழுத்திப் பிடித்திருக்கும் வரை கறுப்பாகவே வந்தால்தான் கோளாறு. புகைச் சான்றிதழ் சோதனையில் பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரையும், பிஎஸ் 4-க்கு 50 வரையும் அனுமதி. அந்தச் சோதனை நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி எடுப்பது. அதில் பாஸ் ஆன வண்டியும் மேட்டில் லோடோடு புகை தள்ளலாம். அதனால் அந்தச் சீட்டை வைத்து இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

முழு லோடில் சோதிக்க ஒரே மேட்டை எப்போதும் பயன்படுத்துங்கள். சேலத்திலிருந்து தர்மபுரி போகிறவர்களுக்குத் தொப்பூர் ஏற்றம் நல்ல அளவுகோல். எந்தக் கியரில், எந்த ஆர்பிஎம்மில் ஏறுகிறது என்று நல்ல நிலையில் இருக்கும்போதே தெரிந்துவைத்திருந்தால், கெட்டுப்போனதும் உடனே தெரிந்துவிடும்.

கறுப்புப் புகை, இழுவை இல்லை: காற்றைத் தேடுங்கள்

ஏர் ஃபில்டர்தான் ஆரம்பம். இண்டிகேட்டர் இருந்தால் சிவப்பு தெரிகிறதா பாருங்கள். எலிமெண்டைத் தட்டி ஊதி மறுபடி போடும் பழக்கம் ஒரு அளவுக்கு மேல் ஆபத்து. அதிகக் காற்றழுத்தத்தில் ஊதினால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அந்த வழியாகப் போகும் தூசி லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். சந்தேகம் இருந்தால் புது எலிமெண்ட் போட்டு ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள். கிரஷர் லோடு, மணல் லோடு அடிக்கும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, இண்டிகேட்டர் சொல்வதுதான் கணக்கு.

ஃபில்டர் நன்றாக இருந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்ட் வரைக்கும் உள்ள பாதை. என் அனுபவத்தில் கறுப்புப் புகை வண்டிகளில் அதிகம் சிக்குவது இங்கேதான். ஹோஸை மேலாகப் பார்த்தால் பழுது தெரியாது. அடிப்பக்கம், பைப்பின் விளிம்பு உரசும் இடத்தில், கிளிப்புக்கு ஒட்டினாற்போல ஒரு வெடிப்பு இருக்கும். இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அந்த வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும். மேட்டில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறி ஹோஸ் உப்பும்போதுதான் வாய் திறக்கும். அதனால் விரலை விட்டு ஹோஸின் அடிப்பக்கம் முழுக்கத் தடவுங்கள். ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டிய கறுப்புத் திட்டு கையில் பட்டால், அங்கே காற்று வெளியே அடிக்கிறது. மேட்டில் போகும்போது உஸ்ஸென்று விசில் மாதிரி சத்தம் கேட்டது என்று டிரைவர் சொன்னால் அதுவும் இதே கதைதான்.

இன்டர்கூலரையே சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அடைத்துக் காற்று ஏற்றிப் பார்க்க வேண்டும். கம்மின்ஸ் இஞ்சின்களுக்குச் சொல்லப்படும் அளவு 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2 பார். காற்றை நிறுத்தியபின் 15 நொடியில் 7 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கக் கூடாது. லாரியின் பிரேக் டேங்கில் இருப்பது இதைவிடப் பல மடங்கு அழுத்தம், அதை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ரெகுலேட்டர் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அடைத்த மூடியைச் சங்கிலியால் கட்டுங்கள், அதற்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு எங்கே என்று குமிழி காட்டிவிடும்.

அப்புறம் டர்போ. இஞ்சின் ஆறியபின் ஏர் பைப்பைக் கழற்றி, வீலின் நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியக் கூடாது. எப்படி அமுக்கிச் சுற்றினாலும் இறக்கை பாடியில் உரசவே கூடாது. இறக்கை நுனி மழுங்கியிருந்தால் தூசியோ நட்டோ உள்ளே போயிருக்கிறது. வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வு) உள்ள டர்போவில் அதன் ராட் திறந்த நிலையில் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டில் ஒரு பூஸ்ட் கேஜ் போட்டு மேடு ஏற்றினால் ஊகத்துக்கே இடமில்லை. இன்டர்கூலர் வைத்த ஆறு சிலிண்டர் இஞ்சினில் முழு லோடில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்டும், உங்கள் மாடலுக்கான சரியான அளவு கம்பெனி மேனுவலில் இருக்கும். பூஸ்ட் சரியாக வந்தும் கறுப்புப் புகை என்றால் அப்போதுதான் நாசில், டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பக்கம் போக வேண்டும். இஜிஆர் உள்ள வண்டியில் அதற்கும் முன்னால் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள்.

புகையே இல்லை, இழுவையும் இல்லை: டீசலைத் தேடுங்கள்

இது ஒரு விதத்தில் நல்ல செய்தி, இஞ்சினின் உள்பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபில்டர்களை மாற்றுங்கள், வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் வடியுங்கள். வடிப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும், துரு செம்மண் நிறத்தில் படியும். டீசலிலேயே சந்தேகம் இருந்தால், பங்க்கில் டென்சிட்டி சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை.

புகாரின் விவரத்தை டிரைவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். கிளம்பும்போது நன்றாக இழுக்கிறது, கொஞ்ச தூரம் போனதும் தளர்கிறது, ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி நன்றாகப் போகிறது என்று சொன்னால் டேங்க்தான். ஒன்று, டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அது உறுதி. இல்லையென்றால், உள்ளே ஏதோ மிதந்து வந்து உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டுகிறது. பழைய துணித் துண்டு, பிய்ந்த சிலிக்கான் பசை, மூடியின் சீல் துண்டு என்று என்னென்னவோ கிடைக்கும். இஞ்சின் நின்றதும் அது விலகிவிடும், அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது.

டேங்க் சரி என்றால் காற்று புகுவதைத் தேடுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே இடுக்கு இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். எனவே ஈரம் இல்லை என்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய் போட்டு இஞ்சினை ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் பின்னோக்கி ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்து வாருங்கள், பேஞ்சோ போல்ட்டின் வாஷர், ஹேண்ட் ப்ரைமரின் சீல், ஹோஸ் மடங்கும் இடம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சுத்தமான கேனில் டீசல் வைத்து அதிலிருந்து நேரடியாக ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டினால் டேங்க், பைப் இரண்டையும் ஒரேயடியாகக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். குமிழி நின்று, இஞ்சின் முழு ஆர்பிஎம்முக்குத் தடையில்லாமல் ஏறினால் குறை பின்னால்தான். இதை நிறுத்திய வண்டியில் மட்டும் செய்யுங்கள்.

இன்லைன் பம்ப் வண்டியில் இன்னும் ஒன்று. மேனிஃபோல்டிலிருந்து பம்பின் தலைக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். பூஸ்ட் ஏறியதும் அந்தக் காற்று ஒரு டயஃப்ரத்தை அமுக்கி, பம்ப் கூடுதல் டீசல் கொடுக்க அனுமதிக்கும். அந்தக் குழாய் உடைந்தாலோ, டயஃப்ரம் கிழிந்தாலோ பம்ப் எப்போதும் சிக்கனமாகவே டீசல் கொடுக்கும். புகை துளியும் வராது, ஐடில் அருமையாக இருக்கும், லோடில் மட்டும் உயிரே இருக்காது. குழாயைப் பம்ப் பக்கம் கழற்றி, அந்த வாயில் கையால் ஊதும் பம்பால் மிக மெதுவாகக் காற்றுக் கொடுங்கள். அழுத்தம் நிற்காமல் இறங்கினால் டயஃப்ரம் போய்விட்டது. பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வில் ஸ்ப்ரிங் தளர்ந்தாலும் இதே மாதிரி இழுவை குறையும், சிறிய பொருள்தான், மாற்றிப் பார்ப்பது எளிது.

காமன் ரெயிலில் ரெயில் அழுத்தம் கேட்ட அளவும் வந்த அளவும் ஸ்கேனரில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். மேட்டில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், லோ பிரஷர் பக்கத்தை முதலில் சரிபார்த்துவிட்டு, இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலை ஒவ்வொரு பாட்டிலில் பிடித்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காமன் ரெயிலில் 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். இஞ்சின் ஓடும்போது அந்தப் பைப்பின் நட்டைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின அளவு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளைப் புகை

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றால் சாதாரணம். சூடேறிய பிறகும் வந்தால் முகர்ந்து பாருங்கள். கண்ணை எரிக்கும் டீசல் நெடி என்றால் எரியாத டீசல், அதாவது டைமிங் பின்தங்கியிருக்கலாம், ஒரு நாசில் ஒழுகலாம், ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் மட்டும், ஐடிலில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது இஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

லேசான இனிப்பு வாடையும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும் சேர்ந்தால் கூலண்ட் எரிகிறது. ரேடியேட்டர் மூடியை ஆறிய பின்பே திறந்து, ஸ்டார்ட் செய்து, குமிழி தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட் பேக்கிங், ஹெட் வெடிப்பு, லைனர் இதில் ஒன்று. டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

நீலப் புகையும் பேக் கம்ப்ரெஷனும்

நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. நீண்ட நேரம் ஐடிலில் நின்றபின், அல்லது நீள இறக்கத்தில் காலை எடுத்து வந்துவிட்டு மறுபடி அழுத்தும்போது பொத்தென்று வந்தால் வால்வு கைடு, வால்வு சீல், டர்போ சீல். எல்லா நேரமும் வந்து, லோடில் அதிகமானால் ரிங், லைனர். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும், டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலும் ஆயில் தள்ளும். டர்போவை மாற்றும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புது டர்போவும் அதே மாதிரி ஆயில் கக்கும்.

பேக் கம்ப்ரெஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் அழுத்தம் பார்க்க, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். தூக்கி எறிந்தால் கிரேங்க் கேஸில் அழுத்தம் இருக்கிறது. உடனே போர் வேலைக்கு நாள் குறிக்க வேண்டாம். பிரீதர் (கிரேங்க் கேஸ் காற்று வெளியேறும் வழி) அடைத்திருந்தாலும் இதே மாதிரி காட்டும், அதை முதலில் கழுவுங்கள். பிரேக் காற்றுக்கான கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருந்தாலும் அந்தக் காற்று கிரேங்க் கேஸுக்குள்தான் வரும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கம்ப்ரசரின் வெளியேறும் பைப்பைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மூடி இப்போது அமைதியாக இருந்தால், ரிப்பேர் கம்ப்ரசருக்குத்தான். ஏர் டேங்க் வடிக்கும்போது நிறைய ஆயில் வந்தாலும் இதுவே அர்த்தம். எத்தனையோ நல்ல இஞ்சின்களைத் தேவையில்லாமல் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதற்குப் பிறகும் அழுத்தம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுத்து, ஒன்றுக்கொன்று வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிஎஸ் 6 வண்டியில் புகை தெரியாது

எக்ஸாஸ்டில் உள்ள டிபிஎஃப் என்ற ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மேலே சொன்ன ஹோஸ் வெடிப்பு பிஎஸ் 6 வண்டியில் இருந்தாலும் சைலன்சரில் கறுப்பு வராது. கரி முழுக்க ஃபில்டரில் சேரும், ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியைச் சூட்டில் எரித்துவிடுவது) அடிக்கடி கேட்கும், ஒரு கட்டத்தில் இஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இங்கே புகைக்குப் பதில் கவனிக்க வேண்டியது ரீஜெனரேஷன் இடைவெளி. முன்பைவிடச் சீக்கிரம் சீக்கிரமாகக் கேட்டால் காற்றுப் பாதை, இன்ஜெக்டர், இஜிஆர் மூன்றையும் பாருங்கள். டிபிஎஃப்பை மட்டும் சுத்தம் செய்தால் மறுபடி அடைக்கும். பிஎஸ் 6 வண்டியில் வெளிப்படையாகக் கறுப்புப் புகை வந்தால் டிபிஎஃப் உள்ளே வெடித்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

எக்ஸாஸ்டைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல் 32.5 சதவீதத் தரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்தது, தரமில்லாதது ஊற்றினால் வண்டி முதலில் இழுவையைக் குறைக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் ஊர்ந்து போகும் வேகத்துக்கு இறக்கிவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் காட்டும் கோளாறு எண்களை (ஃபால்ட் கோட்) முதலில் எழுதிவைத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள், அழித்துவிட்டால் துப்பும் போய்விடும். நிறுத்தி வைத்து ரீஜெனரேஷன் செய்யும்போது வைக்கோல், காய்ந்த புல் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். ஃபில்டருக்குள் சூடு 550 டிகிரிக்கும் மேல் போகும். ஆயிலும் கம்பெனி சொன்ன குறைந்த சாம்பல் வகையே போட வேண்டும். சாம்பல் எரிந்து போகாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

கடைசியாகப் பம்பும் நாசிலும்

இவ்வளவும் பார்த்தபின் டேப்பட் கிளியரன்ஸை (வால்வு இடைவெளி) சரியாக வைத்துவிட்டு, நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போடுங்கள். எல்லாம் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும், பனி மாதிரித் தெளிக்க வேண்டும், நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. திரும்பப் போடும்போது பழைய செம்பு வாஷரைப் போடாதீர்கள். பம்ப் டைமிங்கை மேனுவலில் உள்ள டிகிரிக்குச் சரிபார்த்த பின்பும் குறை தீரவில்லை என்றால்தான் பம்ப் கேலிபரேஷனுக்குப் போக வேண்டும். டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடையிலேயே கொடுத்து, பம்பின் ஒவ்வொரு எலிமெண்டும் எவ்வளவு டீசல் கொடுத்தது என்ற அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஸ்க்ரூவை முடுக்கி டீசலைக் கூட்டித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று அதே அளவுதான் வரும், டீசல் மட்டும் கூடினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் கருகும், மைலேஜும் போகும்.

ஒவ்வொரு வேலையையும் ஒன்று ஒன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள். மூன்று பொருளை ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். சரியானதும் அதே மேட்டில், கிட்டத்தட்ட அதே லோடில் ஏற்றி, கியர், ஆர்பிஎம், பூஸ்ட், தண்ணீர்ச் சூடு நான்கையும் தேதி, கிலோமீட்டரோடு டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி, வண்டியின் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.